எருமையின் பிடிமானம்

எருமை வழுக்காது என்பது போட்டிக்கு வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் வழுக்காது என்று தெரிந்தவர்கள், அதாவது தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள், மூன்றே பேர். அந்த மூவரில் கோகிலவாணிக்குத்தான் இறுதிச் சுற்று நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை.

எருமை ஓர் ஆறு சக்கர ரோபோ. மலைச் சரிவில் மண் சரிந்து வீடுகள் புதைந்தால், மனிதர் கால் வைக்க முடியாத சேற்றில் ஏறிப்போய், அடிபட்டவரைச் சுமந்து வர வேண்டிய வண்டி. கோவையில் கணபதி பகுதியில் கோகிலவாணியும் சென்னிமலையும் கூட்டாக நடத்திய கியர் பட்டறையில் பிறந்தது. போட்டிப் படிவத்தில் அதற்கு ஏதோ எண்ணும் எழுத்தும் கலந்த பெயர் உண்டு. சேற்றைக் கண்டால் குஷியாகி விடுகிறது என்று சென்னிமலை வைத்த பெயர்தான் நிலைத்தது. ஜெயிக்கிற வண்டியைத்தான் அடுத்த மழைக்காலத்துக்குள் மலையூர்களுக்கெல்லாம் செய்து அனுப்பப் போகிறார்கள். கோகிலவாணி இரண்டு வருடம் வந்து, இரண்டு வருடமும் அதே சரிவில், அதே கடைசி வளைவில் சறுக்கித் தோற்றவள். இந்த முறையும் சறுக்கினால் மறுபடி வர அவளுக்குத் தெம்பில்லை.

ஆனால் அவளுடைய கவலை எதிரணிகளைப் பற்றியதல்ல. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டியபடி பொரி தின்றுகொண்டிருந்த தரணியைப் பற்றியது. எருமையை ஓட்டப் போகிறவன் இப்படியா உட்கார்ந்திருப்பான்? அவன் நடுங்க வேண்டும். அவன் நடுங்கினால்தான் எருமை ஏறும்.

"தரணி, காலையில தகட்டு மேல நடந்தியா?"

"நடந்துட்டேனுங்க்கா."

"எண்ணெய் ஊத்தித்தானே?"

"ஊத்தித்தானுங்க்கா."

"எப்படி இருந்துச்சு?"

அவன் பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்தான். "பயமாத்தான் இருந்துச்சுங்க்கா," என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்கு உயிர் வந்தது. ஒரு பையன் பயந்தேன் என்று சொன்னதற்கு நிம்மதிப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை ஒதுக்கி வைத்தாள். போட்டி முடியட்டும், வெட்கப்பட நிறைய நாள் இருக்கிறது.

கடைசிப் பரிசோதனைக்கு வைத்தீஸ்வரன் வந்தார். போட்டிக் குழுவின் தொழில்நுட்ப அதிகாரி. அயர்ன் கலையாத சட்டை, அளந்து பேசும் வாய். எருமையைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நடுச் சக்கரத்தை விரலால் தட்டினார்.

"ஆறு சக்கரம், ஆறு மோட்டார். நடுச் சக்கரம் ரெண்டையும் ஒரு நூல் கீழே இறக்கியிருக்கீங்க, திரும்பறப்ப லேசா இருக்கணும்னு. இதையெல்லாம் எல்லா டீமும்தான் செய்றாங்க. அவங்க சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது, உங்களது மட்டும் ஏறுது. எப்படிம்மா?"

"அவங்க வண்டியில சக்கரம் வழுக்கினப்புறம்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியுதுங்க," என்றாள் கோகிலவாணி. "அது கண்டுபிடிச்சு வேகத்தைக் குறைக்கறதுக்குள்ள சக்கரம் குழி தோண்டிடும். வழுக்கறதுக்கு முன்னாடியே தெரியணும். மனுசக் கால் அப்படித்தானுங்க. ஈரத் தரையில கால் வெச்சா, மூளைக்குச் சேதி போறதுக்கு முந்தியே கெண்டைக்கால் இறுகிக்கும். அந்த இறுக்கத்தை, கெண்டைக்கால்ல கட்டற இந்தப் பட்டை சக்கரத்துக்கு அனுப்புது. கால் இறுகினா மோட்டார் அடங்கும், கால் தளர்ந்தா மோட்டார் முறுக்கும்."

"ஓட்டறவர் சரிவுக்கு வெளியே கூண்டுக்குள்ளே உக்காந்துதானே இருக்கார்? அவர் காலுக்கும் சேத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"கண்ணால பாத்தாப் போதுமுங்க. மத்தவங்க வழுக்கறதைப் பாத்தா நமக்குக் கால் கூசுமில்லைங்களா, அதேதான்."

"சரி, பட்டை ரெண்டு இருக்கே?"

"ஒண்ணு ஓட்டறவருக்கு, இன்னொண்ணு எனக்கு. கூட்டம் குதிச்சாத் தரை அதிரும், ஜெனரேட்டர் ஓடினா அதிரும். அந்த அதிர்வு எல்லார் கால்லயும் ஏறும். அதனால என் கால்ல இருக்கறதை அவன் கால்ல இருக்கறதுலருந்து கழிச்சுடறோம். மிச்சம் இருக்கறது அவனோடது மட்டும்."

வைத்தீஸ்வரன் பட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றின் மேல் ரத்தச் சிவப்பில் ஒரு கறை. "இது என்ன?"

"ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுங்க," என்று சென்னிமலை முந்திக்கொண்டார். "அந்தப் பொட்டு வெச்சதுலருந்துதான் எருமை இந்த ஏத்தம் ஏறுது. அதுக்கு முந்தி அரைக்கெணறு தாண்டற கதைதான். ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா. ஆனைக்கும் அடி சறுக்குமுங்க, எங்க எருமைக்குச் சறுக்காது."

அதிகாரி சிரித்துவிட்டு, கிளம்பும்போது கேட்டார்: "யார் வேணும்னாலும் ஓட்டலாமா இதை?"

"பழகோணுமுங்க," என்றாள் கோகிலவாணி. அது அரை உண்மை.

முழு உண்மை இது. தைரியசாலிகளின் கெண்டைக்கால் தூங்கிக்கொண்டிருக்கும். பைக் பந்தயக்காரன், மலையேறுகிறவன், சர்க்கஸில் கயிற்றின் மேல் நடந்தவர் என்று யார் யாரையோ கூட்டிவந்து பட்டையைக் கட்டிப் பார்த்தாள். யார் காலும் எருமைக்கு உதவவில்லை. பிறகு தரணி கிடைத்தான். அருவிக்குப் போன இடத்தில் பாசி படிந்த பாறையில் அவனுடைய நண்பன் கண்ணெதிரே வழுக்கி விழுந்து இறந்துபோனான். அதிலிருந்து தரணிக்கு ஈரத் தரை என்றால் எமன். குளியலறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவான். அவன் காலில் பட்டையைக் கட்டிய அன்றைக்குத்தான் எருமை முதல்முறையாகச் சேற்றில் நின்றது.

அப்போது அவன் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியும் வந்தான். அவன் தேறத் தேற எருமை வழுக்கியது. கோகிலவாணி யோசித்தாள். இரண்டு இரவு யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அன்று மாலையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு டாக்டர்கிட்டப் போகாத தரணி. உன்னோட பயத்துல எத்தனை உசிரு பொழைக்கும்னு நெனைச்சுப் பாரு. போட்டி முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க்கா," என்றான். அதோடு விடவில்லை அவள். பயம் ஆறிப்போகாமல் இருக்க, தினமும் காலையில் எண்ணெய் தடவிய இரும்புத் தகட்டின் மேல் அவனை நடக்கச் சொன்னாள். பட்டையைச் சரிபார்க்க அது தேவை என்று ஒரு காரணமும் வைத்திருந்தாள். கெட்ட காரியத்துக்குக் காரணம் கிடைக்காமல் போனதுண்டா?

ஆயுத பூஜை முடிந்து எருமை ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஓடுகிற மெஷினைப் பிரித்துப் பார்க்காதே என்பது பட்டறை வேதம். அவளும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கியில் முதல் வண்டியின் பெயரைச் சொன்னார்கள். செயற்கை மழை விசிறிக்கொண்டிருக்க, செம்மண் சரிவு தோலுரித்த மாதிரி பளபளத்தது. ஆள் எடைக்கு ஒரு மணல் பொம்மையைச் சுமந்துகொண்டு அந்த வண்டி கிளம்பியது. பாதியில் நின்று சுற்றி, தான் தோண்டிய குழியிலேயே புதைந்தது. அடுத்த வண்டி தட்டுத் தடுமாறிக் கடைசி வளைவைத் தாண்டி உச்சியைத் தொட்டுவிட்டது. கூட்டம் எழுந்து கத்தியது. ஆனால் ஏற எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். எருமை ஏறினால் அதைவிடச் சீக்கிரம் ஏறும். ஏறினால்.

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். தரணி சென்னிமலையோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிரிக்கிறானே பாவி! இந்தச் சிரிப்போடு கூண்டுக்குப் போனால் எல்லாம் போச்சு. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கை வேலையைச் செய்துவிட்டது. சக்கரம் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை எடுத்துப்போய், ஓட்டுநர் கூண்டுக்குப் போகும் வழவழப்பான சிமெண்டுப் பாதை முழுவதும் ஊற்றினாள்.

வாளியோடு நிமிர்ந்தபோது தரணி பாதையின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்தான். தண்ணீரைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்ணூறு வயதுக் கிழவனைப் போல ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் கடந்து கூண்டுக்குள் போனான்.

ஏதாவது திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. அந்தப் பார்வை சட்டைக்குள் விழுந்த முள் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது.

எருமை கிளம்பியது. கூண்டுக்கு எதிர்ப்புறம் உள்ள அணித் தடுப்புக்குள் கோகிலவாணி நின்றாள், காலில் பட்டை, காதில் தரணியோடு பேசும் கருவி. ஒவ்வொரு ஓட்டத்தின்போதும் அவள் இப்படித்தான் நிற்பாள், இருக்கையில் உட்கார மாட்டாள். பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கை மிதிப்பாரே, அதுபோல கால்விரலால் தரையைக் கவ்விக்கொண்டு நிற்பாள். "எருமை ஏறறதென்னமோ தரணியால, செருப்புத் தேயறது அம்மணிக்கு," என்று சென்னிமலை பரிகாசம் செய்வது வழக்கம்.

முதல் மேட்டில் முன்சக்கரம் நெகிழப் பார்த்தது. நெகிழ்வதற்குள் அடங்கி, மண்ணைக் கவ்வி, மெல்ல முறுக்கி ஏறியது. இரண்டாவது மேடு. ஓடைபோலத் தண்ணீர் இறங்கிய பள்ளம். எதிலும் தயக்கமில்லை. பார்வையாளர் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நடுவர் மேஜையிலிருந்து வைத்தீஸ்வரன் எழுந்து நின்றுவிட்டார்.

கடைசி வளைவு வந்தது. அவள் இரண்டு வருடமாகக் கனவில் சறுக்கிக்கொண்டிருந்த இடம். எருமை அங்கே நின்று, உடம்பு முழுக்க நடுங்கியது. சக்கரங்கள் ஒரு விரல் முன்னே போயின, நின்றன, இன்னொரு விரல் போயின. காதில் தரணியின் மூச்சு வேகவேகமாகக் கேட்டது.

"அக்கா... அக்கா..."

அந்தக் குரல் கேட்டதும் அவளுக்குக் கண்முன் எருமை மறைந்துபோனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கடந்தவன்தான் தெரிந்தான். நண்பன் செத்ததைப் பார்த்த பையன். அவனுடைய புண்ணை ஆறவிடாமல் தினம் தினம் கீறிவிட்டது யார்? ஆயிரம் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஒருத்தனைக் காலடியில் போட்டு மிதித்தது யார்? போதும் என்று இருந்தது. ஜெயிப்பதும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

"தரணி, போதும் சாமி. உட்டுடு. தோத்தாலும் பரவால்ல. பயப்படாத. நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம்."

சொல்லி முடித்ததும் பல மாதம் தலையில் தூக்கிய சுமையை இறக்கியது போல இருந்தது. தோள் இறங்கியது. கால்விரல்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டன. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நொடியில் எருமையின் ஆறு சக்கரமும் ஒருசேரச் சுற்றின. சேறு விசிறி அடித்தது. வண்டி பக்கவாட்டில் திரும்பி, மணல் பொம்மையோடு குப்புறக் கவிழ்ந்து, சரிவின் அடிவரை வழுக்கிக்கொண்டே வந்தது.

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலீங்க்கா!" என்று காதில் கத்தினான் தரணி. "இன்னும் கொஞ்சந்தான்னு சொல்ல வந்தேன். நல்லாத்தான ஏறிட்டிருந்துச்சு!"

அடுத்து அவள் பார்த்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. கூண்டைத் திறந்துகொண்டு குதித்த தரணி, அவள் ஊற்றிய தண்ணீரில் சளக் சளக்கென்று மிதித்து ஓடினான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மழை விசிறும் செம்மண் சரிவில் வெறுங்காலோடு ஏறி, எருமைக்குத் தோள் கொடுத்து நிமிர்த்தினான். அவன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒருமுறை வழுக்கி உட்கார்ந்தான்; எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டு மறுபடி தள்ளினான்.

கோகிலவாணி மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற சென்னிமலையைப் பார்த்தாள்.

"அண்ணா, பட்டையில ஓட்டறவனுக்குன்னு சிவப்புப் பெயிண்டுல ஒரு புள்ளி வெச்சிருந்தேனே, பூஜையன்னிக்கு அதை என்ன பண்ணுனீங்க?"

"பூஜைக்குத் தொடைக்காம வெப்பாங்களா அம்மணி? அத்தனை சாமானையும் தின்னர் போட்டுப் பளபளன்னு தொடைச்சேன். அப்புறம் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம்."

"ரெண்டு பட்டைக்குமா?"

சென்னிமலை தலையைச் சொறிந்தார். "குங்குமம் தீந்துபோச்சு. ஒரு பட்டைக்கு வெச்சேன். இன்னொண்ணுக்கு வெறும் சந்தனந்தான்."

சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் அவளுடைய பட்டையின் துணியில் ஊறிச் சிவப்பாய் நின்றது. மறுநாள் அந்தச் சிவப்பைப் பார்த்து, இது தரணியுடையது என்று எடுத்து அவன் காலில் கட்டியவள் கோகிலவாணியே. அன்றிலிருந்து எருமை ஏறியதெல்லாம் அவளுடைய காலால். சக்கரத்தைக் கவ்வ வைத்தது பாறையில் நண்பனைப் பறிகொடுத்தவனின் பயம் அல்ல, தோற்றுவிடுவோமோ என்று சோறு இறங்காமல் நின்றவளின் பயம். அவள் பயத்தை விட்டாள், எருமை மண்ணை விட்டது.

தரணி உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றான். அவள் ஒன்றும் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்.

"நான் டாக்டரம்மாகிட்டப் போறதை நிறுத்தவே இல்லீங்க்கா. பூஜைக்கு முந்தியே பயம் போயிருச்சு. சொன்னா வேற ஆளைப் போட்டுருவீங்கன்னு சொல்லலை. எருமையும் நல்லாத்தானே ஏறுச்சு, அதனால..."

"காலையில பயமா இருந்துச்சுன்னு சொன்னியே?"

"நீங்க அதைத்தான கேக்க ஆசைப்பட்டீங்க."

"அப்ப... தண்ணியில கம்பியைப் புடிச்சுட்டு வந்தியே தரணி?"

அவன் சங்கடமாகச் சிரித்தான். "நீங்க வாளியோட நின்னதைப் பாத்தேன். நீங்கதான் பயந்து போயிருந்தீங்க. பாவமா இருந்துச்சுங்க்கா. சரி, நடிச்சுட்டுப் போலாம்னு..."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வைத்தீஸ்வரன் மூச்சு வாங்க வந்துவிட்டார். சட்டை கலைந்திருந்தது.

"பரிசு உங்களுக்கில்லை, மன்னிக்கணும். ஆனா குழுவில எல்லாரும் உங்க வண்டியைப் பத்தித்தான் பேசறாங்க. பட்டையிலருந்து வந்த சிக்னலைத் திரையில கோடாப் பார்த்தோம். அப்படி ஒரு காலை நாங்க பார்த்ததே இல்லை. எந்நேரமும் வழுக்கிடுவோமோன்னு தவிக்கிற கால்." குரலைத் தாழ்த்தினார். "அது ஒண்ணு போதும்மா, எத்தனை வண்டி வேணும்னாலும் ஓட்டலாம். மழைக்காலம் முழுக்க அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் ஒரு அறையில உக்காந்து திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாப் போதும். எல்லா மலையிலயும் வண்டி ஏறும். எத்தனை உயிர் பிழைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நல்லபடியா கவனிச்சுக்குவோம். ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் பயம் மட்டும் குறையக் கூடாது. சிகிச்சை அது இதுன்னு போகாம இருக்கணும். மழை ஓயட்டும், பிறகு பார்த்துக்கலாம்."

கோகிலவாணிக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. வார்த்தை மாறாமல் அவளே பேசியிருக்கிறாள். பேசியபோது எவ்வளவு நியாயமாகப் பட்டது! கேட்கும்போதுதான் அதன் கொடுமை தெரிந்தது. இல்லை என்று சொன்னால் யாரோ ஒரு மலையூரில் யாரோ சாகலாம். ஆமாம் என்று சொன்னால்? அவளுடைய கெண்டைக்கால் தானாக இறுகத் தொடங்கியது.

"தம்பி, உங்க கால்தானே அது?" என்று அதிகாரி தரணியின் பக்கம் திரும்பினார்.

தரணி கோகிலவாணியைப் பார்த்தான். அவள் கண்ணில் என்ன இருந்ததோ, அவனுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இல்லீங். என் காலு இல்லை," என்றான். "அந்த ஆளு இப்பத்தான் வேலையை விட்டு நின்னுட்டாங்க."

வைத்தீஸ்வரன் நம்பவில்லை. மனம் மாறினால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார். சென்னிமலை எருமையைக் கழுவ வாளியைத் தேடிப் போனார். கோகிலவாணி பட்டையை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே போக நடந்தாள். கூண்டுப் பாதையில் அவள் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. அதன் விளிம்பில் வந்ததும் நின்றுவிட்டாள். கால் எடுத்து வைக்க வரவில்லை. கை தானாகக் கம்பியைத் தேடியது.

தரணி தண்ணீருக்கு நடுவில் போய் நின்று, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"போட்டிதான் முடிஞ்சுருச்சே. டாக்டரம்மா சாயங்காலம் இருப்பாங்க. வாங்க்கா, நானே கூட்டிட்டுப் போறேன்."